பொலித்தீனுக்குள் வேகும் கை

கேள்வி: எனக்கு 22 வயது. யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டம். கொழும்பில் துணிக்கடையில் வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது முன்னங்கையில் அம்மாவின் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு போக ஆசை. ஆனால் ஊசி என்றாலே பயம். கூட வேலை செய்யும் அக்கா, ஒன்லைனில் வாங்கிய விறைக்கிற கிரீம் ஒன்றைத் தந்தார். தடிப்பாகப் பூசி, பொலித்தீன் சுற்றி ஒரு மணித்தியாலம் வைக்க வேண்டுமாம். டியூபில் லிக்னோகேன் 10% என்று மட்டும் போட்டிருக்கிறது. பூசலாமா?

மருத்துவர் பதில்: அந்த டியூபைத் தொட வேண்டாம், தங்கச்சி. பச்சை குத்துவது உங்கள் விருப்பம், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

பல் பிடுங்கும்போது முரசில் போடுகிற விறைப்பு ஊசியிலும் பெரும்பாலும் இதே லிக்னோகேன்தான். ஊசியாகப் போடும்போது எடையைக் கணக்குப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ளவருக்குத் தனி லிக்னோகேன் 225 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 10% கிரீம் 30 கிராம் டியூப் ஒன்றில் 3,000 மில்லிகிராம் இருக்கிறது! காயமில்லாத தோல் அதில் சிறு பங்கைத்தான் உள்ளே விடும், உண்மைதான். பொலித்தீன் சுற்றினால் சூடும் ஈரமும் சேர்ந்து அந்தப் பங்கு கூடிவிடும். எனக்குப் பெரிய பயம் அதற்கு அடுத்த கட்டம். பாதி குத்தியதும் வலிக்கிறது என்று மறுபடி பூசுவார்கள். அப்போது தோல் முழுக்க ஊசித் துளைகள். மருந்து விறுவிறுவென்று இரத்தத்தில் கலக்கும்.

நாக்கும் உதடும் விறைப்பது, வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்று என்று ஆரம்பிக்கும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு குழம்பும். அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசரில் முடி அகற்றுவதற்காகக் கால்களில் இப்படிப் பூசிப் பொலித்தீன் சுற்றி, வலிப்பு வந்து இறந்துபோனார்கள். 2007இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 2024 மார்ச்சில், பச்சை குத்துவதற்கென்றே விற்கப்படும் 4 சதவீதத்துக்கு மேற்பட்ட லிக்னோகேன் கிரீம்கள் வேண்டாம் என்று மறுபடியும் சொல்ல வேண்டிவந்தது.

சில கிரீம்களில் பிரிலோகேனும் கலந்திருக்கும். அது இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கக்கூடியது. தொழுநோய்க்கு டாப்சோன் குடிப்பவர்களுக்கும், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். நம் நிறத்தில் தோல் நீலம் பாய்வது தெரியாது. உதட்டையும் நகத்தையும்தான் பார்க்க வேண்டும். இப்படி ஏதாவது கண்டால் கிரீமைக் கழுவிவிட்டு உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், டியூபையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பூசித்தான் ஆக வேண்டுமென்றால், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான மருந்தாகப் பாமசியில் வாங்குங்கள். 4 சதவீதத்தைத் தாண்டாமல், காயமில்லாத தோலில், பெயர் வரும் இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பூசி, ஊசி தொடும் முன் கழுவிவிடுங்கள். சுற்றுவதும் வேண்டாம், மறுபடி பூசுவதும் வேண்டாம். இதய நோய், ஈரல் நோய், வலிப்பு இருந்தால், அல்லது கர்ப்பமாக இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பெயருக்கு இதெல்லாம் எதற்கு? முன்னங்கை அவ்வளவாக வலிக்கிற இடமும் இல்லை. லயத்துப் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள், கை நிறையப் பச்சை இருக்கும்.

விறைப்பை விட, உங்கள் கண்முன்னே புது ஊசி உறை பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரண்டும் பழைய ஊசியில் வரும்.

இன்னொன்று. தீபாவளி மழைக்காலத்தில் வருகிறது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவும் நேரம். புதுப் பச்சை திறந்த புண் மாதிரி, அதன் வழியாக அந்தக் கிருமி உள்ளே போகும். அதோடு களனி கங்கையில் குளிப்பதோ சேற்றில் இறங்குவதோ கூடாது. மேல்தோல் ஆற இரண்டு மூன்று கிழமை ஆகும், அதனால் ஊருக்குப் போகும் முதல்நாள் குத்தாமல் ஒரு மாதம் முந்தியே குத்திக்கொள்ளுங்கள்.