சுரு மக்களின் பாரம்பரிய வாழ்க்கை

மாணவர்களே! "தாய்வழிச் சமுதாயம் என்றால் என்ன?" என்ற வினாவுக்கு, "பெண்கள் ஆட்சி செய்யும் சமுதாயம்" எனப் பலர் விடை எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். அது ஏன் தவறு என்பதை வியட்நாமில் வாழும் சுரு மக்களை உதாரணமாகக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. வாழிடமும் மொழியும்
வியட்நாம் அரசு அங்கீகரித்துள்ள 54 இனக்குழுக்களுள் சுருவும் ஒன்றாகும். 2019ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இவர்களது தொகை ஏறத்தாழ 23,000 ஆகும். பெரும்பாலானோர் லாம் டோங் மாகாணத்து உயர்நிலத்தில், டா நிம் ஆற்றை அண்டிய பகுதிகளில் வாழ்கின்றனர். இவர்களது மொழி அவுஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கை மலாயரின் மூதாதையர் பேசிய மலாய் மொழியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

2. தொழில்கள்
அ. அணை கட்டி, வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி நெல் விளைவித்தல். எருமையைக் கொண்டு உழுதல்.
ஆ. சக்கரமின்றிக் கையால் மட்பாண்டம் வனைந்து, திறந்த வெளியில் சுடுதல்.
இ. வெள்ளி மோதிரம் வார்த்தல். முதலில் தேன்மெழுகினால் மோதிர வடிவம் செய்வர். அதன்மீது களிமண்ணும் எருமைச் சாணமும் கலந்த குழம்பைப் பூசி உலர்த்துவர். சூடாக்கும்போது மெழுகு உருகி வெளியேற, அவ்விடத்தில் உருக்கிய வெள்ளியை ஊற்றுவர்.

3. திருமணமும் உரிமையும்
மணம் பேசி முதலில் செல்வோர் பெண் வீட்டாரே. அவர்கள் மோதிரமும் மணிமாலையும் கொண்டு செல்வர். திருமணத்தின் பின் கணவன் மனைவியின் வீட்டில் வாழ்வான். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வர். சொத்துரிமை பெண்மக்களுக்கு உரியது.

எனினும், குடும்ப விடயங்களில் தாய்மாமனின் சொல்லுக்கு மதிப்பு மிக அதிகம். மரபுப்படி ஊர்த் தலைவரும் ஆணே. எனவே, குலமும் சொத்தும் தாய்வழியாக வருவது வேறு; ஆட்சி அதிகாரம் பெண்களிடம் இருப்பது வேறு.

நினைவிற் கொள்க: தாய்வழி என்பது உரித்து எவ்வழியே செல்கின்றது என்பதையே குறிக்கும், அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை அன்று.

பயிற்சி
1. சுரு மக்கள் மோதிரம் வார்க்கும் முறையைப் படிமுறையாக எழுதுக.
2. "தாய்வழிச் சமுதாயம் யாவும் பெண்ணாட்சிச் சமுதாயமே." இக்கூற்றைச் சுரு மக்களின் வழக்கங்களைக் காட்டி மறுக்குக.