அமைதி நாட்களின் கணக்கு



வடமாலபேட்டையில் வளர்ந்த நீ, காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் சூரியப் புயல்களை ஆராயச் சேர்ந்திருக்கும் செய்தி எனக்குப் பெருத்த சந்தோஷம் தந்தது. பெரும்புயல் அபூர்வமாகவே வருமாதலால் இடைப்பட்ட காலம் வீணாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய்; அதற்கே இந்தப் பதில்.

2024 மே மாதம் 10, 11 தேதிகளில் வீசிய புயலின்போது, லடாக்கில் ஹன்லே வானம் சிவந்த படங்களை நீ பார்த்திருப்பாய். நம் சீமையில் வானம் அப்படி நிறம் காட்டுவதில்லை. ஆயினும் சூரியன் உமிழ்ந்த மின்துகள் மேகம் பூமியின் காந்த மண்டலத்தில் மோதும்போது, துருவப் பிரதேசங்களில் எழும் மின்புலம் காந்த நடுக்கோட்டை அடுத்த நம் அயனி மண்டலத்தையும் எட்டி உலுக்கிவிடுகிறது. அந்தி சாய்ந்தபின் அம்மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி உயர்வதை, உங்கள் கூடத்து ராடார், தனது 1024 ஆன்டெனாக்களைக் கொண்டு, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளால் தொட்டறிந்து, திரையில் மேலேறும் புகையைப் போல் வரைந்து காட்டும். வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் இக்குமிழிகளினூடே வரும்போதுதான் தடுமாறுகின்றன.

இவ்விடத்தில் நீ நிதானிக்க வேண்டும். புயல் வந்து சேரும் வேளையைப் பொறுத்து, ஒரு சமயம் அது குமிழிகளைக் கிளப்பிவிடும். மற்றொரு சமயம் எழவேண்டியவற்றையும் அடக்கிவிடும். பகலும் இரவும் சமமாகும் பருவங்களிலோ, புயல் ஏதுமின்றியே அவை மிகுதியாகத் தோன்றுவதுண்டு. ஆகையால், ஓர் இரவில் கண்டதைப் புயலின் காரியமென்று நீ சாதிக்க விரும்பினால், அதே பருவத்து அமைதியான இரவுகள் பலவற்றின் பதிவு உன் கைவசம் இருந்தாக வேண்டும்.

இத்தகைய இடைவிடாப் பதிவின் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1859 செப்டம்பரில் இங்கிலாந்தில் கேரிங்டன் என்ற வானியலர் சூரியனில் கண்ட பேரொளியைத் தொடர்ந்து வந்த புயலை, பம்பாய் கொலாபா காந்த ஆய்வகத்தார் மணிதோறும் கண்ணால் அளவு பார்த்தெழுதும் வழக்கத்தாலேயே பதிவுசெய்தார்கள். கலக்கம் கண்டதும் இடைவெளியைச் சுருக்கிச் சில நிமிஷங்களுக்கொருமுறை எழுதினார்கள். காந்தப்புலம் ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா வீழ்ந்ததை அந்த ஏடுகளிலிருந்து விஞ்ஞானிகள் எடுத்து வெளியிட்டது 2003இல்! பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கினால் அளவீடு கெடுமென்று, 1904இல் அலிபாகில் புதிய ஆய்வகத்தையே நிறுவிய சிரத்தை அந்தக் கொலாபா ஆய்வகத்தாருடையது.

இன்று உன் ஜில்லாவிலேயே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2ஆம் தேதி கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலம், பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அப்பாலிருந்து சூரியக் காற்றை அளக்கிறது. அவ்விடத்தைக் கடந்த புயல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நம்மை வந்தடைந்துவிடக் கூடும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே இருளில் ஆழ்த்தியது இத்தகைய புயல்தான் என்பதை நினைத்தால், முன்னெச்சரிக்கையின் அருமை விளங்கும். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு நம் நாட்டில் என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டியது உன் போன்றோர் தரையில் எழுதிவைக்கும் கணக்கே.

ஆதலால் தம்பி, ஒன்றும் நிகழாத இரவையும் தேதியிட்டு எழுது. கருவி பழுதுபட்ட நேரத்தை மறைக்காமல் குறி. விட்டுப்போன அளவை ஊகத்தால் நிரப்பாதே. உன் ஏட்டை நூறாண்டு கழித்துப் பிரிப்பவனும் நம்பும்படி எழுது.