செல்போனைக் கம்ப்யூட்டரில் இயக்கும் மென்பொருள்: தேர்ந்தெடுக்கும் முன் வணிகர் அறிய வேண்டியவை



முன்பெல்லாம் நம் கடைக்கு ஆர்டர் துண்டுச் சீட்டில் வந்தது. பணம் கல்லாப்பெட்டிக்கு வந்தது. இன்று இரண்டும் ஒரே செல்போனுக்குள் வருகின்றன. வாடிக்கையாளர் மளிகைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மொத்த வியாபாரி விலை சொல்வதும், கம்பெனிக்குச் சரக்கு ஆர்டர் போடுவதும், பணம் வந்த தகவலும் அதில்தான். ஆனால் பில் போடுவதோ மேசைக் கம்ப்யூட்டரில். ஒரு கையில் செல்போன், மறு கை கீபோர்டில், நடுவில் எடை போட எழுந்து போக வேண்டும். கண் இங்கும் அங்கும் மாறுகையில் 5 கிலோ அரிசி 2 கிலோ ஆகிவிடுகிறது.

இந்தச் சிரமத்தைக் குறைக்கச் செல்போன் திரையைக் கம்ப்யூட்டரிலேயே காட்டி, மவுசாலும் கீபோர்டாலும் அதை இயக்க வைக்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் நமக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இம்மாதப் பாடம்.

முதலில், இது தேவையா?

வாட்ஸ்அப் ஆர்டர் மட்டும் பார்க்க வேண்டுமானால் தனி மென்பொருள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் உள்ள ‘லிங்க்ட் டிவைசஸ்’ வசதியைக் கொண்டு கம்ப்யூட்டர் உட்பட 4 கருவிகள் வரை இணைக்கலாம். செல்போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் அந்த இணைப்பு அறுபடும்.

கம்ப்யூட்டரில் திறக்க முடியாத செயலிகளில் வேலை இருந்தால்தான் திரையைக் காட்டும் மென்பொருள் தேவை. சில கம்பெனிகளின் ஆர்டர் செயலிகள் செல்போனில் மட்டுமே இயங்கும். நூறு சரக்குகளின் பெயரையும் விலையையும் விரலால் தட்டுவதைவிடக் கீபோர்டில் தட்டுவது எவ்வளவோ மேல்.

நம் முன் உள்ளவை

1. ஸ்கிரீன் காப்பி: ‘எஸ்.சி.ஆர்.சி.பி.ஒய்.’ என்ற ஆறெழுத்தில் எழுதப்படுவது. ஜெனிமொபைல் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. இலவசம், விளம்பரம் இல்லை, பெயர் பதிவு செய்ய வேண்டியதில்லை, இணையமும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 5-க்குப் பிந்தைய செல்போன்களில் இயங்கும். கேபிள் மூலமோ, கடையின் வைஃபை மூலமோ இணைக்கலாம். கேபிளில் தடங்கல் குறைவு. இதே பெயரைச் சொல்லிப் போலிப் பக்கங்கள் உலவுவதால், கிட்ஹப் தளத்தில் உள்ள ஜெனிமொபைல் பக்கத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

2. போன் லிங்க்: மைக்ரோசாப்ட் தருவது, விண்டோசுடன் வருகிறது. குறுஞ்செய்தி, அறிவிப்பு, புகைப்படம், அழைப்பு ஆகியவற்றுக்கு நல்லது. ஆனால் முழுத் திரையையும் காட்டி இயக்கும் வசதி சாம்சங் போன்ற சில கம்பெனிகளின் குறிப்பிட்ட மாடல்களுக்கே உண்டு. நம் செல்போனுக்கு உண்டா என்று பார்த்த பிறகே இதை நம்ப வேண்டும்.

3. ஐபோன்: ஆப்பிள் நிறுவனம் 2024-ல் ‘ஐபோன் மிரரிங்’ வசதியைக் கொண்டு வந்தது. ஐபோனும் புதிய வகை மேக் கம்ப்யூட்டரும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இது இயங்காது.

4. தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள்கள்: இணையம் வழியாக எந்த ஊரிலிருந்தும் செல்போன் திரையைக் காட்டுபவை. பல நிறுவனங்கள் இவற்றை முறையாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் மேசை மேல் இருக்கும் செல்போனைப் பார்க்க நமக்கு இது வேண்டியதில்லை. ஆபத்தும் இங்கேதான் உள்ளது. அதைப் பின்னர் பார்ப்போம்.

அமைக்கும் முறை

ஸ்கிரீன் காப்பிக்குச் செல்போனில் ‘யு.எஸ்.பி. டீபக்கிங்’ என்பதை இயக்க வேண்டும். செட்டிங்சில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய், ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை 7 முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதனுள் இது இருக்கிறது. பிறகு கேபிளை இணைத்தால், “இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா?” என்று செல்போன் கேட்கும். அனுமதித்தபின் மென்பொருளைத் திறக்கலாம்.

புதிதாகச் செய்பவர் தடுமாறும் இடங்கள் நான்கு:

• சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும். இணைப்பே கிடைக்காவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

• சில செல்போன்களில் படம் தெரியும். மவுஸ் வேலை செய்யாது. அதே பட்டியலில் ‘செக்யூரிட்டி செட்டிங்ஸ்’ என்று குறித்த இன்னொரு டீபக்கிங் வரி இருந்தால், அதையும் இயக்கிச் செல்போனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

• தமிழில் நேராகத் தட்டினால் எழுத்து விழாமல் போகலாம். நோட்பேடில் தட்டி, நகலெடுத்து ஒட்டினால் சரியாக விழும்.

• செல்போன் திரை உடைந்த பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. அனுமதிக்கும் பொத்தானை அந்தத் திரையில்தானே தட்ட வேண்டும்? திரை நன்றாக இருக்கும்போதே ஒருமுறை இணைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கல்லாவும் மாற்றுச் சாவியும்

நம் செல்போன் இன்று கல்லாப்பெட்டி. அதைக் கம்ப்யூட்டரில் இயக்கும் மென்பொருள் அந்தக் கல்லாவுக்கு ஒரு மாற்றுச் சாவி. திரையில் தெரிவதெல்லாம் கம்ப்யூட்டரிலும் தெரியும்; ஓ.டி.பி. எண்ணும் தெரியும். ஆகவே பில் போடும் பையன் உட்காரும் இடத்தில், பணக் கணக்கு உள்ள செல்போனை இணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாகாது. பொதுக் கம்ப்யூட்டர் என்றால் “எப்போதும் அனுமதி” என்ற கட்டத்தில் டிக் போட வேண்டாம். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிட வேண்டும். அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும்.

வங்கிச் செயலியைத் திறந்தால் கம்ப்யூட்டரில் திரை கறுப்பாகத் தெரிவதுண்டு. அது பழுதன்று, வங்கி போட்டிருக்கும் காவல். “அதையும் காட்டுவோம்” என்று ஆசை காட்டும் மென்பொருளை ஒதுக்கிவிடுங்கள்.

வசதியுள்ளோர் ஆர்டருக்கு ஒரு செல்போனும் பணத்துக்கு ஒரு செல்போனும் வைத்து, ஆர்டர் செல்போனை மட்டும் இணைப்பது நலம்.

வெளியாரிடம் சாவி கொடுக்கலாகாது

“பணம் சொல்லும் பெட்டியைப் புதுப்பிக்க வேண்டும்”, “கே.ஒய்.சி. முடிந்துவிட்டது” என்று யாரோ பேசுவார். ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அதில் தோன்றும் எண்ணைக் கேட்பார். அந்த எண்ணைச் சொல்லி, திரையில் கேட்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால் நம் செல்போன் அவர் கண்ணுக்கு முன்னே திறந்து கிடக்கும். இத்தகைய செயலி வழியாக யு.பி.ஐ. மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் மறவாதீர்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் இணைப்பைத் துண்டித்து, உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. எந்த வேலைக்காக இது வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா?
2. நம் செல்போன் மாடலிலும் கம்ப்யூட்டரிலும் இயங்குமா?
3. கேபிளிலோ கடையின் வைஃபையிலோ மட்டும் இயங்குமா, வெளி இணையம் வழியே போகுமா?
4. இலவசம் என்றால் எதுவரை? மாதக் கட்டணம் பின்னால் வருமா?
5. இணைப்பை அறுப்பது எப்படி என்று நமக்கும், நாம் இல்லாதபோது கடையில் இருப்பவருக்கும் தெரியுமா?

ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு, கூட்டமில்லாத நாளில் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். பில் பிழை குறைந்தால் தொடருங்கள், குறையாவிட்டால் நீக்கிவிடுங்கள். சாவி நம் மேசையை விட்டு வெளியே போகாத மென்பொருளே நம் கடைக்கு ஏற்றது.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!