கல்லைப் பார்த்து உடலை வரையலாமா?

கேள்வி: ஓவியக் கல்லூரியில் சேர வசதியில்லை. போட்டோ பார்த்து வரையும் உருவங்கள் விறைப்பாகவே வருகின்றன. மாமல்லபுரம் சிற்பங்களை வரைந்து பழகலாமா? (வாசகர், திருக்கழுக்குன்றம்)

பதில்: தாராளமாக. அர்ச்சுனன் தபசில் ஒற்றைக்கால் தவசியை எல்லோரும் வரைவார்கள். நீங்கள் கீழே, பாறைப் பிளவை ஒட்டி ஈரத்துணி பிழிபவரிடம் போங்கள். கை முறுக்கும்போது தோள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அடுத்து, கிருஷ்ண மண்டபத்தில் பால் கறப்பவர். குந்திய உடம்பை வரைய அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார், அசையவும் மாட்டார்!

ஆனால் கல்லோடு நின்றுவிடாதீர்கள். சிற்பி தாளக் கணக்கில் செதுக்குகிறார். நவதாளத்தில் உடல், முகத்தைப்போல் ஒன்பது மடங்கு. நிஜ மனிதரோ உச்சி முதல் மோவாய் வரையான தலையளவில் ஏழு, ஏழரைதான். மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சௌத்ரி, ஆட்களை நிறுத்தி வைத்தே அதைச் செய்தார். அந்த முதுகுகளைப் போய்ப் பாருங்கள்.

உங்களுக்கு மாடல், கடற்கரையில் வலை பின்னுபவர்கள். நெடுநேரம் ஒரே இடத்தில் இருப்பார்கள். கேட்டுவிட்டு வரையுங்கள், முடித்ததும் காட்டுங்கள். மூக்கு சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நிற்பவரை வரைந்தால் முகத்தை விடுங்கள், எடை எந்தக் காலில் என்று பாருங்கள். அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள் தாழும். கழுத்துக் குழியிலிருந்து நேர்க்கோடு விட்டால் அந்தக் கணுக்கால் அருகே விழும். விறைப்பு பெரும்பாலும் இதிலேயே போய்விடும். ரப்பர் வேண்டாம், பால்பாயின்ட் பேனா போதும்.