கண்ணைக் கட்டிக்கொண்டு கேள்



முதல் சம்பளத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் மனசு நிறைந்தது. கூடவே 40,000 ரூபாய்க்கு ஒரு கேபிளும் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா மாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஆனால் மாமா சொன்னார் என்பதற்காக விட்டுவிடாதே. நீயே சோதித்துப் பார்த்து முடிவு செய்.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 3 மீட்டர் எடுத்துக்கொள். போக வர 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். உன் ஸ்பீக்கரோ 8 ஓம். வெள்ளியிலேயே கேபிள் செய்தாலும் அந்த 0.07-இல்தான் ஏதோ கொஞ்சம் குறையும். ஊர்க் கோயில் கொடைக்கு மைக்செட் கட்டுகிறவர்களைப் பார். தெருக்கோடி வரைக்கும் சாதாரண ஒயரை இழுத்துத்தான் குழாய் ஸ்பீக்கர் மாட்டுகிறார்கள். நீளத்தால் வரும் இழப்பைச் சமாளிக்க டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் கூட்டி, கரண்டைக் குறைப்பார்கள். அது தொழில் தெரிந்தவர்களின் விடை.

கடையில் கேட்டபோது வித்தியாசம் தெரிந்தது என்கிறாய். தெரிந்திருக்கும், உன் காதை நான் சந்தேகிக்கவில்லை. சத்தம் ஒரு இழை கூடினாலே மனசுக்கு அது கூடுதல் சத்தமாகப் படாது, கூடுதல் தெளிவாகத்தான் படும். விலையும் தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் இரண்டு கேபிளுக்கும் சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்து. எது மாட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியாதபடி தம்பியை நாணயம் சுண்டிப்போட்டு மாற்றச் சொல். 10 தடவையில் 9 தடவையாவது சரியாகச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தில் அப்படி அமைய 100-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு.

2007-இல் அமெரிக்காவில் ‘பேர்’ (Pear) என்ற நிறுவனம் 7,250 டாலருக்குக் கேபிள் விற்றது. சாதாரணக் கேபிளிலிருந்து அதைக் காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாக, அதிசயக் கூற்றுகளைச் சோதித்துப் பார்க்கும் மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை நடக்கவேயில்லை.

‘இருநூறு மணி நேரம் ஓடினால்தான் கேபிள் பழகும்’ என்பார்கள். அதற்குள் பழகுவது நம் காதுதான். திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிடும்.

நான் அதிசயங்களுக்கு எதிரி இல்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இருக்கின்றன. தட்டினால் சுரம் வருவது உண்மை, யார் கேட்டாலும் கேட்கும். ஹம்பி விட்டலர் கோயிலில் உள்ள இதே வகைத் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். தூண் வளைந்து அதிரும் கணக்கும் பதிவான ஒலியும் ஒத்துப்போயின. அளந்த பிறகும் அந்தச் சிற்பியின் மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்தது. அளக்க விடாத பொருளுக்கு அந்த மதிப்பை எப்படித் தருவது?

காசு செலவழிக்க ஆசையிருந்தால் அறையைக் கவனி. கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் போடு, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வை. மாற்றம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் பில்லையும் விளம்பரத் தாளையும் பத்திரமாக வை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு எதிராக வழி இருக்கிறது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய். சரிப்படவில்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. மனு எழுத நான் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
மாமா