பிளக் இறுகவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஒரு ஸ்பார்க் பிளக் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. மரை போய்விட்டதாம். சிலிண்டர் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?
- வாசகர், சிராங்கூன் ரோடு

பதில்: வேண்டியதில்லை. ஹெட் அலுமினியம், பிளக் எஃகு. சூட்டோடு கழற்றினாலும், கோணலாக நுழைத்து ஸ்பானரால் முறுக்கினாலும் தோற்பது அலுமினியம்தான். துளையைச் சற்றே பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் செருகல் வைத்தால் பழைய 14 மில்லிமீட்டர் மரை திரும்பக் கிடைக்கும்.

கம்பிச் சுருளாக வருவது ஹெலிகாயில். சாதாரண போல்ட்டுகளுக்கு அது தாராளம். பிளக்குக்கு மட்டும் நான் டைம்செர்ட் போன்ற முழுக்குழாய்ச் செருகலையே சொல்வேன். சுருளை உள்ளே திருக உதவும் சின்னக் கொக்கியைக் கடைசியில் ஒடித்தெடுக்க வேண்டும். அது சிலிண்டருக்குள் விழுந்தால் தலைவலி. பிளக்கைக் கழற்றும்போது சுருளும் கூடவே வந்துவிடுவதுண்டு.

ஹெட்டைக் கழற்றி வைத்துச் செய்வதே உத்தமம். முடியாதென்றால் மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்புங்கள், சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள்.

பழைய கருவிகளைத் துழாவ சுங்கை ரோடு சந்தை இருந்தது. 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 35 வயது தாண்டிய கிளாசிக் காராகப் பதிந்திருந்தால் வருடத்தில் சில நாள்தானே ஓட்டப்போகிறீர்கள், அவசரம் வேண்டாம். எஞ்சின் ஆறியபின், புதுப் பிளக்கை முதலில் விரலாலேயே திருகுங்கள்.