தரையில் புரளும் குழந்தை

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்ற சந்தை இருக்கிறது. வாழை இலை, கறிவேப்பிலை, காப்பிப் பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். அந்தப் பக்கத்தில் பல காலமாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள்.

பகல் பன்னிரண்டு மணி. ஒரு தாய் காய் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வயது மகன் பொம்மை கேட்டான். "வேண்டாம்டா" என்றார். அவன் தரையில் விழுந்து புரண்டான். காலை உதைத்துக் கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய்க்கு வெட்கம். கையை ஓங்கிவிட்டார்.

பூ வாங்க வந்த மாமி தடுத்தார்.

"குழந்தை எப்போம்மா சாப்பிட்டான்?"

"காலையில ஏழு மணிக்கு, மாமி."

பசிதான் காரணம். பொம்மை ஒரு சாக்கு.

அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் குட்இனஃப் என்ற பெண் அறிஞர் இதை ஆராய்ந்தார். தாய்மார்கள் தங்கள் குழந்தைகளின் கோபத்தைத் தினமும் எழுதி வைத்தார்கள். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்புதான் கோபம் அதிகமாக வந்தது. 1931-இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். நம் பாட்டிகளுக்கு இது தெரியாததா என்ன?

இரண்டு வயதில் ஆசை நிறைய இருக்கும். அதைச் சொல்லப் பேச்சு போதாது. அடித்தால் பயம்தான் வரும். பொம்மையை வாங்கிக் கொடுத்தாலோ, நாளைக்கும் புரளுவான்.

தாய் மகனைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அழுகை உடனே நிற்கவில்லை. தணிந்த பிறகு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். பொம்மை வாங்கவில்லை.